பெரிய டயர், மலைப்பாதை: பின் ஆக்சிலுக்கு எந்த ரேஷியோ?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பிக்கப் வண்டிகளில் சிமென்ட் இருக்கும், உரம் இருக்கும், மளிகை இருக்கும். அதே வண்டிகள் இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் கடுக்காயும் மூட்டை மூட்டையாக வரும். அறுவடை நாட்களில் மேலே போகும் பாரத்தைவிடக் கீழே வரும் பாரமே அதிகம். கல்வராயன் மலையில் ஓடும் வண்டிக்கு ஆக்சில் ரேஷியோ தேர்ந்தெடுக்கிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். ஏற்றத்தில் திணறும் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத வண்டி உயிரை எடுக்கும்.

பெரிய டயர் மீது இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஆசை வருவதற்குக் காரணம் உண்டு. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். பிரதானச் சாலை தாராக இருந்தாலும், அதிலிருந்து பிரிந்து குக்கிராமங்களுக்குப் போகும் தடங்களில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சேறும் துருத்திய கல்லுமே மிஞ்சும். ஆக்சில் ஹவுசிங் கல்லில் இடிக்கிறது, எனவே டயரை உயர்த்தலாம் என்று தோன்றுகிறது. டயர் மாற்றிய முதல் வாரத்திலேயே வண்டி ‘இழுக்கவில்லை’ என்ற புகாரும் வருகிறது. அந்தப் புகாரை எப்படித் தீர்ப்பது, எங்கே தீர்க்கவே முடியாது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது.

தேவையான அளவு மட்டும் கோட்பாடு

எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாகப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. ஷாஃப்ட்டின் முனையில் உள்ள சிறிய பினியன், ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது ஆக்சில் ரேஷியோ. கிரவுனில் 41, பினியனில் 10 பல் என்றால் 4.10. அதாவது ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும். எண் குறைந்தால் இழுவை குறையும், எஞ்சின் அமைதியாக ஓடும். டயர் பெரிதாவதும் எண் குறைவதும் வண்டிக்கு ஒன்றே. கிரவுனைத் தொடாமலேயே ரேஷியோவைக் குறைத்துவிட்டோம் என்று பொருள்.

இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் ஆக்சில் ரேஷியோ 4.88. போர் முடிந்து விவசாயிகளுக்காக அதே நிறுவனம் கொண்டுவந்த ஜீப்பில் அது 5.38 ஆனது. கிரவுனில் 43 பல், பினியனில் 8. ராணுவ வீரரை ஏற்றி ஓடுவதும், ஏரும் டிரெய்லரும் இழுப்பதும் வேறு வேறு வேலை என்பதால் எண்ணையும் மாற்றினார்கள். நம் மலைக் கிராமங்களில் தலைமுறைகளாக ஓடிய மகிந்திரா ஜீப்புகள் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான். வண்டி செய்யப்போகும் வேலைதான் ரேஷியோவை முடிவு செய்கிறது, டயரின் தோற்றம் அல்ல.

தொடங்கும் முன்: சட்டம்

இதைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டுப் பணத்தைச் செலவழித்தவர்கள் உண்டு. அதனால் இது முதலில் வருகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாகத் திருத்துவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியைத் திருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் பார்ப்பவற்றில் டயரும் ஒன்று.

ஆகவே பாதுகாப்பான வழி ஒன்றுதான். உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வகைக்குத் தயாரிப்பாளரே அங்கீகரித்த டயர் அளவுக்குள் நில்லுங்கள். கிரவுன்-பினியனையும் அதே குடும்பத்து வண்டிகளுக்குத் தயாரிப்பாளர் தரும் செட்களிலிருந்தே எடுங்கள். இரண்டையும் டீலரிடமிருந்து எழுத்தில் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கீழே 31 அங்குல டயரை வைத்து ஒரு கணக்கு வருகிறது. விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த உதாரணம் அது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கான பரிந்துரை அல்ல.

படி 1: இப்போது இருக்கும் ரேஷியோவைக் கண்டுபிடித்தல்

கையேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வண்டி என்றால் யாரோ ஒருவர் ஹவுசிங்கை முன்பே மாற்றியிருக்கலாம். கையால் எண்ணிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

1. சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஃபோர் வீல் வண்டி என்றால் டூ வீலுக்கு மாற்றுங்கள்.

2. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். அப்போது வண்டியைப் பிடித்திருப்பது இந்தக் கட்டைகள் மட்டுமே.

3. பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றில்லை. பாரம் ஏறியதும் அவை சொல்லாமல் உடையும்.

4. டயரின் பக்கச்சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்டில் ஒரு கோடு போடுங்கள்.

5. இரண்டு பின் சக்கரங்களையும் இருவர் ஒரே திசையில், ஒன்றாக, சரியாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். மூன்றாவது ஆள் ஷாஃப்ட்டின் சுற்றுகளை எண்ணட்டும். 41 சுற்று வந்தால் ரேஷியோ 4.10. 43 வந்தால் 4.30.

ஆள் இல்லையென்றால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியும் எண்ணலாம். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃப்ரன்ஷியல் பாதியை விழுங்கிவிடும். எனவே தூக்கிய சக்கரத்தை இருபது சுற்று சுற்றினால்தான் பத்துச் சுற்றுக்கு ஈடு. பத்தே சுற்று சுற்றிவிட்டு 2.05 என்று குறித்துக்கொண்டு வருவது ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி நடக்கும் பிழை. லிமிடெட் ஸ்லிப் வகை டிஃப்ரன்ஷியலுக்கு இந்த ஒற்றைச் சக்கர முறை ஒத்துவராது.

படி 2: டயரை அளத்தல்

டயரின் பக்கத்தில் 215/75 ஆர்15 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். விட்டம் வருவது இப்படி:

215 × 0.75 = 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. அதனுடன் ரிம் 381 மில்லிமீட்டர். மொத்தம் 703.5 மில்லிமீட்டர்.

அதே கணக்கில் 235/75 ஆர்15 டயர் 733.5 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் சுமார் 787 மில்லிமீட்டர்.

காகிதக் கணக்கு ஒப்பிடுவதற்குப் போதும். உண்மையான சுற்றளவுக்கு வேறு வழி வேண்டும். வண்டியில் வழக்கமான லோடை ஏற்றி, காற்றைச் சரியாக வைத்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டியை மெல்ல நேராகத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறித்து, டேப்பால் அளந்து பாருங்கள். பாரத்தில் டயர் அமுங்குவதால் காகிதக் கணக்கைவிடச் சில சதவீதம் குறைவாகவே வரும். 7.00-15 போன்ற பழைய முறை அளவுகளில் பக்கச்சுவரின் உயரம் எழுதப்பட்டிருக்காது. அவற்றுக்கு இந்த டேப்தான் எளிய வழி.

குறிப்பு: அளக்கும்போதே டயரின் லோடு எண்ணையும் படியுங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ. உருவத்தில் பெரிய டயர் கூடுதல் எடை தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கார் வகைப் பெரிய டயர் ஒன்று, சரக்கு வண்டிக்கான சிறிய எல்டி டயரைவிடக் குறைவாகத் தாங்கலாம். பழைய டயரின் லோடு எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

படி 3: கணக்கு

1. புது விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 787 ÷ 703.5 = 1.119. டயர் கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரிது.

2. இப்போதைய ரேஷியோவை அதனால் வகுத்தால், டயர் மாற்றியதும் வண்டி உணரப்போகும் ரேஷியோ தெரியும். 4.10 ÷ 1.119 = 3.66. இழுவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

3. இப்போதைய ரேஷியோவை அதே எண்ணால் பெருக்கினால், பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான ரேஷியோ வரும். 4.10 × 1.119 = 4.59.

4. அதற்கு நெருக்கமாகக் கடையில் கிடைக்கும் செட் எது என்று பாருங்கள். பற்கள் முழு எண் என்பதால் எல்லா ரேஷியோவும் கிடைக்காது. 41 பல்லுக்கு 9 என்றால் 4.56. 39-க்கு 8 என்றால் 4.88.

4.56 போட்டால் வண்டி ஏறக்குறையப் பழையபடி ஓடும். 4.88 போட்டால் பழையதைவிட ஆறு சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். எதை எடுப்பது என்பதை நான்காம் படி சொல்லும்.

இதே கணக்கை 235/75 ஆர்15-க்குப் போட்டால் வித்தியாசம் 4.3 சதவீதம்தான். 4.10 என்பது 3.93 போல நடந்துகொள்ளும். இதற்காக ஹவுசிங்கைத் திறப்பது வீண் செலவு. ஐந்து சதவீதத்துக்குக் கீழே கிரவுனைத் தொட வேண்டாம். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் வண்டி எங்கே ஓடுகிறது, என்ன ஏற்றுகிறது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். பத்தைத் தாண்டினால் இரண்டே வழி: ரேஷியோவை மாற்றுவது, அல்லது டயரைத் திருப்பிக் கொடுப்பது. சுமை வண்டிக்கு இரண்டாவதே மேல்.

படி 4: இறக்கத்துக்கான சோதனை

பெரும்பாலானவர்கள் மூன்றாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்வராயன் போன்ற மலைக்கு அது பாதி வேலை.

மூன்று டன் எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.77 கோடி ஜூல். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று ஐந்து மணி நேரம் எரிந்தால் வரும் சூடு அது. இந்தச் சூடு காற்றிலும் டயரிலும் போனது போக மீதி எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ போயாக வேண்டும். எஞ்சின் வாங்காததையெல்லாம் பிரேக் வாங்கும். சூடேறிய டிரம்மில் லைனிங் பிடிக்காது. பிரேக் ஆயில் பழையதாக, ஈரம் கோத்ததாக இருந்தால் கொதித்து, பெடல் தரைவரை போகும்.

இரண்டாம் கியர் 2.3 என்ற கணக்கில், 703.5 மில்லிமீட்டர் டயரும் 4.10 ரேஷியோவும் உள்ள வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் இறங்கும்போது எஞ்சின் 1,780 ஆர்பிஎம் அளவில் சுற்றி வண்டியைப் பிடித்து வைக்கும். 31 அங்குல டயர் போட்டால், அதே 1,780 ஆர்பிஎம்மில் வண்டி 28 கிலோமீட்டரில் ஓடும். மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வேகம் 12 சதவீதம் கூடினால் வண்டியின் இயக்க ஆற்றல் 25 சதவீதம் கூடும். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக் அடக்க வேண்டியது அந்தக் கால் பங்கையும் சேர்த்துத்தான்.

உங்கள் வண்டிக்குக் கணக்கிட:

ஆர்பிஎம் = வேகம் × 16.67 × ஆக்சில் ரேஷியோ × கியர் ரேஷியோ ÷ டயரின் சுற்றளவு (மீட்டரில்).

நீங்கள் வழக்கமாக லோடுடன் இறங்கும் வேகத்தையும் கியரையும் இதில் போட்டு, பழைய டயருக்கு ஒரு விடை, புது டயரும் புது ரேஷியோவும் சேர்ந்து இன்னொரு விடை எடுங்கள். புது விடை பழையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையக் கூடாது. அப்படிக் குறைந்தால் அந்த ரேஷியோ மலைக்கு ஆகாது. மலையில் லோடு இறக்குவதே பிழைப்பாக இருப்பவர், கிடைக்கும் இரண்டு செட்களில் எண் கூடியதையே எடுப்பது நல்லது. மேலே சொன்ன உதாரணத்தில் 4.88.

கிரவுன் திருப்பித் தராத ஒன்று

ரேஷியோ மாற்றினால் எஞ்சினின் இழுவை திரும்பும், எஞ்சினின் பிடிப்பும் திரும்பும். பிரேக்கின் பிடிப்பு திரும்பாது. பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் கிரவுனுக்கு அப்பால், சக்கரத்திலேயே இருக்கின்றன. டயர் 12 சதவீதம் உயர்ந்தால், அதே அளவு மிதித்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். கூடுதல் எடையுள்ள டயரின் சுழற்சியையும் அதே பிரேக்தான் அடக்க வேண்டும். வண்டியின் ஈர்ப்பு மையமும் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். வளைவில் மூட்டை அடுக்கிய வண்டி சாய்வது அதனால் எளிதாகும்.

இதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் டயரை உயர்த்துவது தவறு. குறைந்தபட்சம் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் மூன்றையும் புதிதாக்கி, ஏற்றும் எடையைக் குறைக்க வேண்டும். லோடு குறைந்தால் வாடகை கட்டுப்படியாகாது என்று நினைப்பவர் பழைய டயரிலேயே இருக்கட்டும். சேற்றுத் தடத்துக்கு அதே அளவில் ஆழமான பட்டன் உள்ள டயர் போடுவது, இடிபடும் இடத்தில் ஹவுசிங்குக்குத் தகடு அடிப்பது, தொய்ந்த பட்டைகளை மாற்றுவது ஆகிய மூன்றும் பல வண்டிகளில் பிரச்சினையைத் தீர்த்துவிடும். கல்வராயனில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவை இவ்வளவுதான்.

மலைக் கிராமங்களில் சரக்கு வண்டியின் பின்னால் ஆட்கள் ஏறுவது இன்னும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். பேருந்து அரிதான ஊரில் பிள்ளைகளையும் நோயாளிகளையும் மறுத்துவிட்டுப் போவது கடினம் என்பது உண்மை. ஆனாலும் டயர் உயர்த்திய பிக்கப்பின் பின்பெட்டி மனிதர் ஏறும் இடம் இல்லவே இல்லை.

படி 5: சமவெளிக்கான சோதனை

மலையிலிருந்து மரவள்ளியைக் கொண்டுவந்த வண்டி அதோடு நிற்பதில்லை. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஏறி ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கோ, வேறு சரக்குடன் சென்னைக்கோ போகும். எண்ணை அளவுக்கு மீறிக் கூட்டியவர் அங்கே அவதிப்படுவார்.

மணிக்கு 60 கிலோமீட்டரில், நேரடி டாப் கியரில், 703.5 மில்லிமீட்டர் டயரும் 4.10-உம் உள்ள வண்டியின் எஞ்சின் சுமார் 1,855 ஆர்பிஎம்மில் சுற்றும். 31 அங்குல டயரும் 4.10-உம் என்றால் 1,657. அதே டயரில் 4.56 என்றால் 1,842. 4.88 என்றால் 1,970. பழைய ஜீப்பின் 5.38 செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், அதே வேகத்தில் 2,170 ஆகிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். சத்தமும் டீசல் செலவும் கூடும், எஞ்சின் தேய்மானமும் கூடும். அந்தச் செட் உங்கள் ஹவுசிங்கில் உட்காருமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

மாதம் ஓடும் கிலோமீட்டரில் மலை எவ்வளவு, சமவெளி எவ்வளவு என்று ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். மலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல வண்டிகள் முக்கால்வாசிச் சமவெளியில் ஓடுவது அப்போது தெரியவரும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய நிலையை மீட்கும் 4.56 போதும். எதைத் தேர்ந்தாலும் நான்காம் படியில் தேறாத ரேஷியோவை இந்தக் காரணத்துக்காக எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது நேரும் பிழைகள்

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. பெட்டியில் இருப்பவை இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். உடைசல் கடையில் ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது. பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஊளைச் சத்தம் வரும், கொஞ்ச நாளில் பல் உதிரும்.

எல்லா ரேஷியோவும் எல்லா டிஃப்ரன்ஷியல் கூட்டிலும் உட்காராது. பினியன் சிறிதாகும்போது கிரவுன் உட்காரும் தூரமும் மாறும். உலகெங்கும் புழங்கும் டானா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கூடு, 3.92-இலிருந்து வேறு கூடு. உங்கள் ஆக்சிலில் அப்படி எல்லை உண்டா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகங்கள் விற்கும் கவுன்டரில் கேளுங்கள்.

ஃபோர் வீல் பிக்கப் என்றால் முன் ஆக்சிலிலும் அதே ரேஷியோ வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும், ஈரச் சாலையில் வண்டி திசை மாறும். இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்துச் செலவு கணக்கிடுங்கள்.

படி 6: பொருத்துதல்

அளப்பதும் கணக்கிடுவதும் தேர்ந்தெடுப்பதும் உரிமையாளரின் வேலை. கிரவுன் பொருத்துவதை மட்டும் டயல் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாயிருக்கு’ என்று மூடும் இடத்தில் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் நின்று கீழ்க்கண்டவை வரிசையாக நடக்கின்றனவா என்று பாருங்கள்.

1. பழைய ஆயிலை வடித்து, அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது. துகள் இருந்தால் ஹவுசிங் முழுவதையும் டீசல் ஊற்றிக் கழுவ வேண்டும்.

2. புது பேரிங், புது ஆயில் சீல். நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஆக்சிலுக்குப் புது ஸ்லீவ். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் பினியனின் இறுக்கம் நிற்காது.

3. பினியனின் ஆழத்தை ஷிம் வைத்துச் சரிசெய்வது, பிறகு பேரிங் ப்ரீலோட்.

4. கிரவுன் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச்சில் சொன்ன அளவுக்கு முறுக்குவது.

5. டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) பார்ப்பது. கிரவுனைச் சுற்றி ஓரிடத்தில் மட்டுமல்ல, மூன்று நான்கு இடங்களில். அளவு உங்கள் ஆக்சிலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதாக இருக்க வேண்டும். வேறு வண்டியின் அளவு உதவாது.

6. பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, பதியும் தடத்தைப் பார்ப்பது. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ ஓரத்திலோ விழுந்தால் பிரித்து ஷிம் மாற்ற வேண்டும். எத்தனை முறை பிரித்தாலும் இதில் சலிப்படையக் கூடாது. இந்தத் தடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. மேனுவலில் சொன்ன தரத்தில், பெரும்பாலும் ஜிஎல்-5, புது கியர் ஆயில். நிரப்பும் துளையின் விளிம்புவரை.

பாதுகாப்பு: கூட்டோடு சேர்த்து டிஃப்ரன்ஷியல் நல்ல எடை. ஹவுசிங்கிலிருந்து இறக்கும்போது இருவர் பிடிக்க வேண்டும். பற்களுக்கு இடையே விரல் வைத்து யாரும் சக்கரத்தைத் திருப்பக் கூடாது.

படி 7: பழக்குதல்

புது கிரவுன் செட்டை அன்றைக்கே மலையேற்றக் கூடாது. பல்லும் பல்லும் ஒன்றுக்கொன்று படியும்போது சூடு அதிகம் வரும். அந்தச் சூட்டில் பாரமும் ஏற்றமும் சேர்ந்தால் பல்லின் மேல்தோல் கெட்டுவிடும்.

1. லோடில்லாமல் சமவெளியில் இருபது நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங் முழுதும் ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள்.

2. முதல் 500 கிலோமீட்டருக்கு அரை லோடுக்கு மேல் வேண்டாம். ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். கச்சிராயபாளையத்துக்கு மேலே போகவும் வேண்டாம்.

3. 800 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல் படிந்திருந்தால் அது இயல்பு. துண்டு துண்டாக இருந்தால் உடனே ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.

4. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால், பழகினால் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். தடத்தின் படத்தோடு மெக்கானிக்கிடம் திரும்பிப் போங்கள்.

ஸ்பீடோமீட்டர்

பெரிய டயரும் பழைய ரேஷியோவும் இருந்தால், முள் 60 காட்டும்போது வண்டி 67-இல் ஓடும். ஓட்டுநருக்குத் தெரியாமலே வேக வரம்பைத் தாண்டியிருப்பார், ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும். கியர் பாக்ஸிலிருந்து கேபிளோ சென்சாரோ போகும் வண்டியில், ரேஷியோவைச் சரியாக மாற்றினால் முள்ளும் தானாகச் சரியாகும். சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகம் படிக்கும் வண்டியில் கிரவுன் மாற்றினாலும் பிழை அப்படியே நிற்கும். அதை சர்வீஸ் சென்டரில் கணினி வழியாகத் திருத்த வேண்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு நெடுஞ்சாலையில் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டில் எது உங்கள் வண்டி என்று தெரிந்துவிடும். கைப்பேசியைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

மலைக்குப் போகும் முதல் நாள்

லோடில்லாமல் ஏறி, லோடில்லாமல் இறங்குங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் மட்கார்டிலோ பட்டையிலோ உரசுகிறதா என்று முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் கிளட்ச் மிதித்து மாற்ற நேரக் கூடாது. எந்த நிலையிலும் நியூட்ரலில் உருட்ட வேண்டாம். பாதி இறங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஒட்டியிருக்கிறது. நான்கும் அனல் அடித்தால் நீங்கள் தேர்ந்த கியர் போதவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு, ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.

அடுத்த முறை அரை லோடு, அதற்கடுத்து முழு லோடு. ஒவ்வொரு முறையும் எந்த வளைவில் எந்தக் கியர், எத்தனை ஆர்பிஎம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டின் முதல் பக்கத்திலும், ஹவுசிங் போல்ட்டில் மாட்டிய சிறிய தகட்டிலும் புது ரேஷியோவைப் பல் எண்ணிக்கையோடு பொறித்துவிடுங்கள். நாளை வண்டி வேறு கைக்குப் போய், சீல் மாற்றவோ பினியன் வாங்கவோ வருகிறவர் கையேட்டில் உள்ள 4.10-ஐ நம்பித் தவறான செட்டை வாங்கிவிடாமல் இருக்க அது வேண்டும்.